இன்ஃபீல்டை எப்போது முன்னுக்கு அழைப்பது? – வாசகர் கேள்வி பதில்

கணினியிலும் அட்டை, பகடை கொண்டும் ஆடப்படும் பேஸ்பால் சிமுலேஷன் விளையாட்டுகளைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில், உள்வட்டத்தில் நிற்கும் இன்ஃபீல்டர்கள் எடுக்கும் முடிவுகள் தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம். கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்காகச் சில விவரங்களை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஓர் இன்னிங்ஸில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று அவுட்; பின்பாதியில் உள்ளூர் அணி மட்டை பிடிக்கும். ஹோம் பிளேட்டில் நின்று அடிக்கும் பேட்டர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு மீண்டும் அங்கேயே வந்து சேர்ந்தால் ஒரு ரன். பேஸ்களுக்கு இடையே 90 அடி தூரம். பின்னால் வருபவருக்கு இடம்விட்டே ஆக வேண்டிய நிலையில் ஒரு ரன்னர் இருந்தால், அவர் போய்ச் சேர வேண்டிய பேஸைப் பந்துடன் மிதித்தாலே அவர் அவுட்; அதற்கு ஃபோர்ஸ் என்று பெயர். அந்தக் கட்டாயம் இல்லாத ரன்னரைப் பந்தால் தொட்டாக வேண்டும்.

கேள்வி: மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2025ஆம் ஆண்டின் ஏழாவது ஆட்டத்தில் ஒன்பதாவது இன்னிங்ஸின் அந்தக் கட்டத்தை என் கணினி விளையாட்டில் அமைத்துப் பலமுறை ஆடிப் பார்த்தேன். பாதிக்கும் மேற்பட்ட தடவைகள் டொரன்டோ புளூ ஜேஸ் வென்றுவிடுகிறது. அப்படியானால் விளையாட்டின் தடுப்பாட்டக் கணக்கில் பிழை இருக்கிறதா? – ஒரு வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: பிழை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தடவையும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸே தப்பித்துக்கொண்டிருந்தால்தான் அந்த விளையாட்டைச் சந்தேகித்திருப்பேன். நடந்தது என்னவென்று மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 2025 நவம்பர் 1 அன்று டொரன்டோவின் ரோஜர்ஸ் சென்டரில், 4–4 என்று சமனில் இருந்த ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் பின்பாதியில், ஓர் அவுட் மட்டுமே விழுந்திருக்க, மூன்று பேஸ்களிலும் புளூ ஜேஸ் ரன்னர்கள் நின்றார்கள். ஒரு ரன் வந்தால் கோப்பை கைவிட்டுப் போய்விடும் என்பதால் டாட்ஜர்ஸ் தன் இன்ஃபீல்டர்களை முன்னுக்கு, அதாவது வழக்கத்தைவிட ஹோம் பிளேட்டுக்கு நெருக்கமாக, அழைத்திருந்தது. டால்டன் வார்ஷோ அடித்த தரைப்பந்தை இரண்டாம் பேஸ்காரர் மிகெல் ரோஹாஸ் தடுமாறியபடியே எடுத்து ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் வில் ஸ்மித்தின் கால் பிளேட்டிலிருந்து ஒரு கணம் விலகி மீண்டும் பதிந்தது. மூன்றாம் பேஸிலிருந்து ஓடிவந்த ஐசாயா கைனர்-ஃபலேஃபா மயிரிழையில் அவுட் ஆனார். காணொளி மறுபரிசீலனையிலும் அந்தத் தீர்ப்பே நின்றது. அடுத்த பேட்டரும் அவுட் ஆக, ஆட்டம் நீண்டு, 11ஆவது இன்னிங்ஸில் 5–4 என்று டாட்ஜர்ஸ் வென்றது.

இப்போது 2001 நவம்பர் 4க்கு வாருங்கள். ஃபீனிக்ஸ் நகரில் அரிசோனா டயமண்ட்பேக்ஸும் நியூயார்க் யாங்கீஸும் மோதிய உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். அங்கும் ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, 2–2 என்று சமன், ஓர் அவுட், மூன்று பேஸ்களிலும் ரன்னர்கள். யாங்கீஸும் இன்ஃபீல்டை முன்னுக்கு அழைத்தது. மரியானோ ரிவேரா வீசிய பந்து லூயிஸ் கொன்சாலெஸின் மட்டையில் சரியாகப் படாமல் மெதுவாக எழும்பி, முன்னால் வந்து நின்றிருந்த ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்) டெரெக் ஜீட்டரின் தலைக்கு மேலாகப் போய்ப் புல்வெளியின் விளிம்பில் விழுந்தது. வழக்கமான தூரத்தில் நின்றிருந்தால் ஜீட்டர் அதைக் கைக்குள் வாங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரிசோனா கோப்பையை வென்றது.

இருபத்து நான்கு ஆண்டு இடைவெளியில் அச்சு அசலாக ஒரே சூழல், ஒரே முடிவு, எதிரெதிரான பலன். இரண்டு அணிகளும் எடுத்த முடிவு சரியானதுதான், ஏனெனில் பின்னால் நின்றிருந்தால் சாதாரணத் தரைப்பந்து ஒன்றிலேயே டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு அவுட்) கிடைக்காத பட்சத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே நல்ல சிமுலேஷன் என்பது ரோஹாஸின் எறிதலை அப்படியே மறுபடி நிகழ்த்திக் காட்டுவது அல்ல. முன்னால் நிற்பதால் எத்தனை பந்துகள் தடுக்கப்படும், எத்தனை பந்துகள் பக்கவாட்டிலோ தலைக்கு மேலோ நழுவும் என்ற விகிதத்தைச் சரியாக வைத்திருப்பதே அதன் வேலை.

நீங்கள் சோதித்துப் பார்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது. கைனர்-ஃபலேஃபா அன்று பேஸை விட்டு மிகக் குறைந்த தூரமே விலகி நின்றார். நேராகப் பறந்துவரும் பந்தை யாராவது பிடித்துவிட்டால் திரும்பிப் போய்ச் சேர முடியாமல் இரட்டை அவுட் ஆகிவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். முந்தைய இரவில் ஆறாவது ஆட்டமே அப்படித்தான் முடிந்திருந்தது: பந்து பிடிபட்டதும் அடிசன் பார்கர் இரண்டாம் பேஸுக்குத் திரும்ப முடியாமல் அவுட் ஆனார். உங்கள் விளையாட்டில் மூன்றாம் பேஸ் ரன்னர் விலகி நிற்கும் தூரம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால், ஹோம் பிளேட்டில் கிடைக்கும் அவுட்டுகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

கேள்வி: மூன்றாம் பேஸில் என் ரன்னர் போய் நின்றுவிட்டால் போதும், இரண்டாவது இன்னிங்ஸாக இருந்தாலும் எதிரணியாக ஆடும் கணினி இன்ஃபீல்டை முன்னுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. உண்மையான மேலாளர் யாராவது இப்படிச் செய்வாரா? – ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: பெரும்பாலோர் செய்ய மாட்டார்கள். தொடக்க இன்னிங்ஸ்களில் ஒரு ரன்னை விட்டுக்கொடுத்து ஓர் அவுட்டை வாங்கிக்கொள்வதே மரபு. ஆனால் மரபை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தால், உங்கள் கணினி நாம் நினைக்கும் அளவுக்கு முட்டாள் இல்லை என்பது தெரியும்.

ஒவ்வொரு சூழலிலிருந்தும் அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று தொகுத்த அட்டவணைகள் இருக்கின்றன. 2010களின் முற்பாதியைச் சேர்ந்த மேஜர் லீக் எண்களைத் தோராயமாக எடுத்துக்கொள்வோம். ஓர் அவுட், மூன்றாம் பேஸில் மட்டும் ரன்னர் என்று வையுங்கள். பின்னால் நின்று தரைப்பந்தை எடுத்து முதல் பேஸில் அவுட் வாங்கினால், வந்த ஒரு ரன்னுடன், பேஸ்கள் காலியாக இரண்டு அவுட் என்ற நிலைக்கான 0.10ஐயும் கூட்டி 1.10. முன்னால் நின்று ரன்னரை அசையவிடாமல் பேட்டரை அவுட் ஆக்கினால், மூன்றாம் பேஸில் ரன்னருடன் இரண்டு அவுட். அதன் மதிப்பு 0.35. முன்னால் நின்ற காரணத்தால் பந்து இடைவெளியில் நழுவி, பேட்டர் பத்திரமாக பேஸைச் சேரும் ஹிட் ஆகிவிட்டால், ஒரு ரன்னும் முதல் பேஸில் ஓர் ஆளுமாக 1.51. அதாவது தடுக்கப்படும் ஒவ்வொரு ரன்னுக்கும் 0.75 லாபம், அவுட் ஆகியிருக்க வேண்டிய பந்து ஹிட் ஆக மாறும் ஒவ்வொரு தடவைக்கும் 0.41 நட்டம்.

அதே ஓர் அவுட்டில் இரண்டாம் பேஸிலும் ஒரு ரன்னர் நிற்பதாக வையுங்கள். தடுத்தால் 0.58, ஒரு ரன்னை விட்டுக்கொடுத்து அவுட் வாங்கினால் ஏறத்தாழ 1.35, ஆகவே லாபம் 0.77, இதில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் பந்து நழுவினால் பெரும்பாலும் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், மதிப்பு 2.51 ஆகிவிடும், நட்டம் 1.16. முந்தையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மேலாளர்கள் தயங்குவது முக்கியமாக இந்த இடத்தில்தான். பின்னால் இன்னொருவர் நிற்கிறாரா என்று பார்க்காமல், மூன்றாம் பேஸில் ஆள் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக முன்னுக்கு வரும் கணினியைத்தான் நான் குறைசொல்வேன்.

இந்த எண்கள் தரைப்பந்தை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. கொன்சாலெஸ் அடித்தது போன்ற பந்துகளின் நட்டம் இதற்கு மேல் வரும். பேட்டர் தரைப்பந்து அதிகம் அடிப்பவரா, பிட்சர் பந்தைத் தாழ்வாக வீசுபவரா என்பதைப் பொறுத்தும் எல்லாம் மாறும். இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு: முதல், மூன்றாம் பேஸ்காரர்கள் மட்டும் முன்னுக்கு வர, நடுவில் இருப்பவர்கள் இருவரும் பின்னாலேயே நிற்பார்கள். அவுட் ஆஃப் த பார்க் போன்ற விளையாட்டுகளில் அதற்குத் தனிக் கட்டளையே இருக்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸில் சமன் என்றால் இந்தக் கணக்கு எதுவும் தேவையில்லை. கடைசிப் பந்தில் ஒரு ரன் தேவைப்படும்போது கிரிக்கெட் கேப்டன் எல்லோரையும் உள்வட்டத்துக்கு அழைப்பதைப் போல, அங்கே அந்த ஒரு ரன்தான் எல்லாம்.

மேலாளருக்கு மேலாளர் குணம் மாறும் என்பதையும் விளையாட்டு காட்ட வேண்டும். 1987இல் வெளிவந்த எர்ல் வீவர் பேஸ்பால் விளையாட்டுக்காக, பால்டிமோர் அணியின் மேலாளராக இருந்த வீவரிடமே நேரில் கேட்டுக் கேட்டு முடிவெடுக்கும் விதிகளை அமைத்தார்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே மூளையை வைத்திருக்கும் இன்றைய சில விளையாட்டுகளைவிட அது மேலான யோசனை.

கேள்வி: கல்லூரித் திட்டப்பணிக்காகச் சிறிய பேஸ்பால் சிமுலேஷன் ஒன்றை எழுதிவருகிறேன். தரைப்பந்தை எடுத்த இன்ஃபீல்டர் எந்த பேஸுக்கு எறிய வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்வது? இப்போதைக்கு எண்களைக் குலுக்கிப் போட்டுத் தேர்வு செய்கிறேன். பார்ப்பதற்கே அபத்தமாக இருக்கிறது. – ஒரு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: குலுக்குவதை விட்டுவிட்டுக் கடிகாரத்தைக் கையில் எடுங்கள். இன்ஃபீல்டில் நடக்கும் ஒவ்வொன்றும் இரண்டு நேரங்களுக்கு இடையிலான போட்டி. பந்து தடுப்பாளரை வந்தடையும் நேரம், கையுறையிலிருந்து எடுத்து எறியும் நேரம், எறிந்த பந்து பறக்கும் நேரம், தொட வேண்டியிருந்தால் அதற்கான நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் ஒன்று. ரன்னர் ஓடி முடிக்கும் நேரம் மற்றொன்று.

ஓர் எடுத்துக்காட்டை எண்களுடன் பார்ப்போம். ஷார்ட்ஸ்டாப் ஹோம் பிளேட்டிலிருந்து ஏறத்தாழ 145 அடியில் நிற்கிறார். நடுத்தர வேகத் தரைப்பந்து அவரை அடைய 1.8 விநாடி, எடுத்து எறிய 0.9, முதல் பேஸ் வரையிலான 125 அடியைப் பந்து கடக்க 1.2 விநாடி என்று வைத்தால் மொத்தம் 3.9. வலக்கை பேட்டர் ஒருவர் முதல் பேஸை அடையச் சராசரியாக 4.3 விநாடி எடுப்பார். ஆகவே அவர் அவுட், 0.4 விநாடி மிச்சம். அதே பந்து மெதுவாக உருண்டு வந்து 2.5 விநாடி எடுத்தால் கணக்கு 4.6 ஆகிவிடும், காத்திருந்தால் அவுட் கிடைக்காது, முன்னால் ஓடிவந்து எடுத்தாக வேண்டும். இடக்கை பேட்டர் முதல் பேஸுக்குச் சில அடிகள் நெருக்கமாக நின்று அடிக்கிறார் என்பதால் அவருக்குப் பத்தில் ஒரு விநாடி குறையும். இந்தச் சிறிய வித்தியாசங்களை உங்கள் நிரல் காட்டினாலே ஆட்டத்துக்கு உயிர் வந்துவிடும்.

மூன்றாம் பேஸ் ரன்னர் ஹோமுக்குப் பாய்வதாக வையுங்கள். சில அடிகள் விலகி நின்று தயாராக இருந்தவருக்கு 3.3 விநாடி போதும். 145 அடியில் நிற்பவர் எடுத்து எறிந்து கேட்சர் தொடுவதற்குள் 4.3 விநாடி ஆகிவிடும், எறிவதே வீண். 100 அடி அளவுக்கு முன்னால் வந்து நின்றவருக்குப் பந்து 1.1 விநாடியில் கிடைக்கும், எறியவும் பறக்கவும் தொடவும் இன்னும் 2 விநாடி, மொத்தம் 3.1. இன்ஃபீல்டை முன்னுக்கு அழைப்பதன் பொருள் இந்த ஒரு விநாடிதான். ஆனால் அதே 1.1 விநாடியில் அவர் பக்கவாட்டில் நகரக்கூடிய தூரமும் குறைந்துபோகிறது என்பதை மறந்துவிட்டால், முன்னால் நிற்பது எப்போதும் லாபமான காரியமாக உங்கள் விளையாட்டில் தோன்றும். மாணவர்கள் எழுதும் நிரல்களில் நான் அதிகம் காண்பது இந்தக் குறையைத்தான்.

நேரக் கணக்கு முடிந்ததும் முடிவெடுக்கும் பகுதி வருகிறது. ஒவ்வொரு பேஸுக்கும் எறிந்தால் அவுட் கிடைக்கும் வாய்ப்பை மிச்ச நேரத்திலிருந்து கணித்து, அந்த அவுட்டின் மதிப்பால் பெருக்குங்கள். தவறினால் வரும் நட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எறியாமல் பந்தைக் கையில் வைத்துக்கொள்வதையும் ஒரு தேர்வாகச் சேருங்கள். மெதுவாக உருண்ட பந்தை எட்டி எடுத்த மூன்றாம் பேஸ்காரர், நேரமாகிவிட்டது என்று தெரிந்து பேசாமல் வைத்துக்கொள்வது உண்மையான ஆட்டத்தில் சாதாரணம். வீணாக எறிந்து பந்து வெளியே போனால் எல்லோரும் கூடுதலாக ஒரு பேஸ் போய்விடுவார்கள்.

இரண்டு அவுட் விழுந்திருந்தால் மூன்றாம் பேஸ் ரன்னரைப் பார்க்கவே வேண்டாம். பேட்டர் முதல் பேஸை அடையுமுன் அவுட் ஆகியோ, ஃபோர்ஸ் முறையிலோ மூன்றாவது அவுட் விழுந்தால் அந்த ரன் கணக்கில் சேராது என்பதால், மிக எளிதாகக் கிடைக்கும் அவுட்டையே எடுக்க வேண்டும். இரண்டு அவுட்டில் ஹோமுக்கு எறியும் ஷார்ட்ஸ்டாப் உங்கள் விளையாட்டில் தென்பட்டால் நிரலில் பிழை இருக்கிறது என்று பொருள்.

கடைசியாக ஒரு நுட்பம். தடுப்பாளருக்கு உண்மையான நேரங்களைக் கொடுக்காதீர்கள். அவற்றைச் சற்றுப் பிசகிய மதிப்பீடாகக் கொடுங்கள். அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரன்னர் முதுகுப்புறம் ஓடுகிறார். அனுபவமுள்ளவருக்குப் பிசகு குறைவாகவும் புதியவருக்கு அதிகமாகவும் இருக்கட்டும். எட்டும் தூரம், கையின் வலு, பிழையின்மை, டபுள் பிளேயில் திரும்பும் வேகம் ஆகிய நான்கையும் ஒரே மதிப்பெண்ணாகக் கலந்துவிடவும் வேண்டாம். அவை மேலே சொன்ன கூட்டலில் வெவ்வேறு இடங்களில் வந்து உட்காருகின்றன.

கேள்வி: 1970களின் அணிகளை வைத்து ஆடும்போதும் இன்றைய அணிகளை வைத்து ஆடும்போதும் என் விளையாட்டு டபுள் பிளேக்களை ஒரே மாதிரிதான் கணக்கிடுகிறது. இது சரியா? – ஒரு வாசகர், பெங்களூரு

பதில்: சரியில்லை. டபுள் பிளேக்காக இரண்டாம் பேஸை மிதித்துவிட்டு முதல் பேஸுக்குத் திரும்பி எறிபவரின் காலை வாரிவிடும்படி ரன்னர் சறுக்குவது அந்தக் காலத்தில் ஆட்டத்தின் ஓர் அங்கம். 2015 அக்டோபரில் சேஸ் அட்லி அப்படிச் சறுக்கியதில் நியூயார்க் மெட்ஸ் ஷார்ட்ஸ்டாப் ரூபன் தெஹாதாவின் கால் எலும்பு முறிந்தது. 2016 முதல், ரன்னர் பேஸை நோக்கி முறையாகச் சறுக்க வேண்டும் என்று விதி வந்தது. மீறினால் பேட்டரும் அவுட். அதே ஆண்டிலிருந்து, தடுப்பாளர் பேஸை உண்மையிலேயே மிதித்தாரா என்பதைக் காணொளியில் பார்த்துச் சொல்லும் வழக்கமும் வந்தது. அதற்கு முன்பு, அடிபடாமல் தப்பிக்க பேஸுக்கு அருகே கால் வைத்து எறிந்தாலும் நடுவர்கள் பெரும்பாலும் அவுட் கொடுத்துவந்தார்கள். ஆகவே பழைய அணிகளுக்குத் திரும்பி எறிபவரின் மீதான தொந்தரவு கூடுதலாகவும், பேஸை மிதிப்பதில் சலுகை கூடுதலாகவும் இருக்க வேண்டும்.

இன்றைய மேஜர் லீகில் தரைப்பந்து டபுள் பிளே ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே விழுகிறது. உங்கள் விளையாட்டில் அது சர்வசாதாரணமாக இரண்டு, மூன்று என்று விழுந்தால், தடுப்பாளர்கள் டபுள் பிளேக்காக பேஸுக்கு அருகே நகர்ந்து நிற்கும்போது திறந்துவிடும் இடைவெளியை விளையாட்டு கணக்கில் கொள்ளவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் அட்டை விளையாட்டில் என் மகன் பகடையை உருட்டி எண்ணைப் பார்த்த பிறகு “இன்ஃபீல்டை முன்னால் கொண்டுவந்திருந்தேன்” என்கிறான். விட்டுக்கொடுக்கலாமா? – ஒரு தந்தை, நியூ ஜெர்சி

பதில்: கூடவே கூடாது. ஹால் ரிச்மன் 1961இல் வெளியிட்ட அந்த விளையாட்டின் சுவையே, பகடை உருளுமுன் வாய்விட்டு அறிவித்தாக வேண்டும் என்பதில் இருக்கிறது. இன்ஃபீல்டை முன்னுக்கு அழைத்தால் சில தரைப்பந்து முடிவுகள் அவுட்டாக இல்லாமல் ஹிட்டாக மாறும் என்று அட்டைகளிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த விலையைக் கொடுக்காமல் பலனை மட்டும் எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார் உங்கள் மகன். நல்ல மேலாளராக வருவார் என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

கேள்வி: உயரமாக எழுந்த பந்தை வேண்டுமென்றே கீழே விட்டு இரண்டு பேரை அவுட் ஆக்கலாமே; என் விளையாட்டு அதை அனுமதிப்பதில்லை. ஏன்? – ஒரு வாசகர், கொழும்பு

பதில்: அந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் 1890களிலேயே இன்ஃபீல்ட் ஃப்ளை விதி வந்துவிட்டது. இரண்டு அவுட் விழாத நிலையில், முதல், இரண்டாம் பேஸ்களிலோ மூன்றிலுமோ ரன்னர்கள் இருந்து, இன்ஃபீல்டர் ஒருவர் சாதாரண முயற்சியிலேயே பிடிக்கக்கூடிய பந்து எழும்பினால், அது பிடிபட்டாலும் நழுவினாலும் பேட்டர் அவுட். பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது) முயற்சிக்கும் நேராகப் பறக்கும் பந்துக்கும் இது பொருந்தாது.

முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருந்தால் இந்த விதி வராது. அப்போது பந்தைத் தொடாமல் கீழே விழவிட்டு, வேகமான ரன்னரை இரண்டாம் பேஸில் அவுட் ஆக்கி, மெதுவான பேட்டரை முதல் பேஸில் நிறுத்திக்கொள்வது சட்டப்படி சரியே. கையில் பட்ட பிறகு வேண்டுமென்றே நழுவவிட்டால் மட்டும் நடுவர் பந்தைச் செல்லாததாக அறிவித்து பேட்டரை அவுட் ஆக்குவார். இந்த நுணுக்கம் வரைக்கும் போகும் விளையாட்டுகள் குறைவு. “சாதாரண முயற்சி” என்பதை நடுவரின் கணிப்பாக வைக்க வேண்டும் என்பதும் முக்கியம். 2012 அக்டோபரில் அட்லாண்டாவில் நடந்த வைல்ட் கார்ட் ஆட்டத்தில், ஷார்ட்ஸ்டாப் வெகுதூரம் பின்னால் ஓடி விட்டுவிட்ட பந்துக்கு இந்த விதியைச் சொல்லப்போய், பார்வையாளர்கள் மைதானத்துக்குள் பொருட்களை வீசி எறிந்ததால் ஆட்டமே சிறிது நேரம் நின்றுபோனது.

கேள்வி: கணினித் தடுப்பாளர்கள் எறிவதில் தவறுகிறார்கள்; ஆனால் தவறாக யோசிப்பதே இல்லை. மனிதர்கள் அப்படியா? – ஒரு வாசகி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. 2001ஆம் ஆண்டின் அதே ஒன்பதாவது இன்னிங்ஸையே பாருங்கள். முதல் பேஸில் ரன்னர் இருக்க, அரிசோனாவின் டேமியன் மில்லர் பன்ட் தட்டினார். ரிவேரா அதை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்தார். எறிதல் பிசகி, ஓர் அவுட்டும் இல்லாமல் இரண்டு பேர் பேஸ்களில் நின்றார்கள். முதல் பேஸுக்கு எறிந்திருந்தால் ஓர் அவுட் நிச்சயம். அடுத்து ஜே பெல்லும் பன்ட் தட்ட, ரிவேரா இந்தத் தடவை மூன்றாம் பேஸுக்கு எறிந்து முன்னணி ரன்னரை அவுட் ஆக்கினார். பந்தை வாங்கிய மூன்றாம் பேஸ்காரர் ஸ்காட் ப்ரோஷியஸ் முதல் பேஸுக்கு எறியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். எறிந்திருந்தால் பெல்லும் அவுட் ஆகியிருப்பார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். பின்னர் வெற்றி ரன்னை எடுத்தவர் அதே பெல்.

இவற்றில் ரிவேராவின் முதல் எறிதல் கைப்பிழை. ப்ரோஷியஸ் எறியாமல் விட்டது, பிழை என்று ஏட்டில் எங்கும் பதிவாகாத ஒரு முடிவு. சிமுலேஷன்கள் பெரும்பாலும் ஏட்டில் பதிவானதிலிருந்தே எண்களை எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது வகை அவற்றுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

தடுப்பாளரின் பார்வை எங்கே இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். 2015 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸ், நியூயார்க் மெட்ஸ் 2–1 என்று முன்னிலை, ஓர் அவுட், மூன்றாம் பேஸில் கன்சாஸ் சிட்டியின் எரிக் ஹாஸ்மர். தரைப்பந்தை எடுத்த மெட்ஸ் மூன்றாம் பேஸ்காரர் டேவிட் ரைட், ஹாஸ்மரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதல் பேஸுக்கு எறிந்தார். ரைட்டின் தலை திரும்பிய அந்தக் கணத்திலேயே ஹாஸ்மர் ஹோமை நோக்கி ஓடத் தொடங்கிவிட்டார். அவரைப் பிடிக்க முதல் பேஸ்காரர் லூகஸ் டுடா எறிந்த பந்து கேட்சரிடமிருந்து விலகிப்போக, ஆட்டம் சமன் ஆனது; 12ஆவது இன்னிங்ஸில் 7–2 என்று வென்று கன்சாஸ் சிட்டி கோப்பையைக் கைப்பற்றியது. டுடாவின் எறிதல் நேராகப் போயிருந்தால் ஹாஸ்மர் அவுட், ஆட்டம் முடிந்திருக்கும். இதைக் கணினியில் கொண்டுவர வேண்டுமானால், தடுப்பாளர் ரன்னரைத் திரும்பிப் பார்க்கச் செலவிடும் நேரத்தையும், ரன்னர் எதிரணியின் கையின் துல்லியத்தை எடைபோட்டு எடுக்கும் துணிவையும் தனித்தனியாக எழுத வேண்டும். சிந்தனைப் பிழை என்று தனியாக ஒரு பகடையை உருட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். மனிதர்கள் காரணமில்லாமல் தவறாக யோசிப்பதில்லை.

கேள்வி: 2023க்குப் பிறகும் ஐந்து பேரை இன்ஃபீல்டில் நிறுத்தலாமா? இடக்கை பேட்டருக்காக மூன்று பேரை வலப்பக்கம் தள்ளும் பழைய உத்தியை என் விளையாட்டு அனுமதிப்பதில்லை. – ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் வேறு வேறு. 2023 முதல், பிட்சரின் கையிலிருந்து பந்து புறப்படும்போது இன்ஃபீல்டர்கள் நால்வரும் உள்வட்ட எல்லைக்குள்ளேயே, இரண்டாம் பேஸுக்கு இருபுறமும் இருவர் இருவராக நிற்க வேண்டும். ஆகவே மூன்று இன்ஃபீல்டர்களை ஒரே பக்கம் தள்ளுவது முடியாது. வெளிவட்டத் தடுப்பாளர் ஒருவரை உள்ளே அழைப்பதை விதி தடுக்கவில்லை. கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன் மூன்றாம் பேஸில் நிற்க, இரண்டு அவுட் விழாத நிலையில், தூரமாக அடிக்கப்படும் எந்தப் பந்தும் எப்படியும் தோல்விதான் என்பதால் மேலாளர்கள் இதைச் செய்கிறார்கள். உங்கள் விளையாட்டின் அமைப்புப் பகுதியில் பருவ ஆண்டை 2022 அல்லது அதற்கு முன்பாக மாற்ற வழி இருந்தால் பழைய உத்தியும் திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் ஐந்தாம் ஆளை அழைக்கும் கட்டளை தனியாக இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.